ஐந்து பேர் ஓட, ஐந்து பேர் காக்க

2019 செப்டம்பர் 7, டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஆட்டம் ஒன்று முடிய ஏறக்குறைய இரண்டரை நிமிடம் இருக்கிறது. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் 37, டெக்சஸ் பல்கலைக்கழகம் 31. பந்து லூசியானாக்காரர்கள் கையில்தான். ஆனால் மூன்றாவது டவுன், அதாவது நான்கு வாய்ப்பில் மூன்றாவது, இன்னும் 17 யார்டு போயாக வேண்டும். இந்த இடத்தில் பெரும்பாலான அணிகள் பந்தைக் கையில் கொடுத்து ஓடவிடும், கடிகாரத்தைக் கரைக்கும், அடுத்த டவுனில் பந்தைத் தூர உதைத்துவிட்டு மிச்சத்தைத் தற்காப்பு பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிவிடும்.

அவர்கள் எறிந்தார்கள். டெக்சஸ் தன் ஆட்களைக் கூட்டமாகப் பாயவிட்டது. குவார்ட்டர்பேக் ஜோ பரோ இரண்டடி நகர்ந்து இடம் பண்ணிக்கொண்டு, நடுவே ஓடிவந்த ஜஸ்டின் ஜெஃபர்சனுக்குப் பந்தை எறிந்தார். ஜெஃபர்சனுக்குப் பின்னால் துரத்த ஆளில்லை. 61 யார்டு, எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன். கடைசிக் கணக்கு 45-38.

அந்த ஒரு ஆட்டத்தில் நடந்ததுதான் அந்த ஆண்டு முழுக்க நடந்தது. 15 ஆட்டம், 15 வெற்றி, மொத்தம் 726 புள்ளி. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இதைவிட நல்ல தாக்குதல் அணி எது என்று கேட்டால் நாங்கள் யோசிக்காமல் சொல்லும் பெயர் இதுதான். திறமையான பையன்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டும் அந்தப் பையன்களில் பலர் அங்கேதான் இருந்தார்கள். மாறியது ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் அந்த சீசனின் ஒவ்வொரு ஆட்டமும் வேறு மாதிரி தெரியும்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் அடிப்படை. மைதானம் 100 யார்டு நீளம், 53 யார்டும் கொஞ்சமும் அகலம். பக்கத்துக்குப் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதாவது நான்கு டவுன். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து போய்விடும். அதனால் மூன்று டவுனில் முடியாவிட்டால் நான்காவதில் வழக்கமாக உதைத்துவிடுவார்கள். எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் ஒரு உதைக்கு 1 புள்ளி, அல்லது துணிந்து மறுபடி கோட்டைத் தாண்டினால் 2. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3.

இனிதான் முக்கியமான எண்ணிக்கை. தாக்கும் அணியின் 11 பேரில் ஒருவர் குவார்ட்டர்பேக், பந்தை எறிபவர். ஐந்து பேர் லைன்மேன்கள். நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோ இருக்கும் பெரிய ஆட்கள். எறியும் பந்தைப் பிடிக்க அவர்களுக்கு அனுமதி கிடையாது, குவார்ட்டர்பேக் மேல் யாரும் விழாமல் காப்பதுதான் வேலை. மிச்சம் ஐந்து பேர்தான் பந்து பிடிக்கத் தகுதியுள்ளவர்கள். அந்த ஐந்து பேரில் எத்தனை பேரை ஓடவிடுவது, எத்தனை பேரைக் காவலுக்கு நிறுத்திக்கொள்வது? ஒவ்வொரு ஆட்டத் திட்டமும் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

பழைய லூசியானா பயந்தாங்கொள்ளி பதில் சொல்லும் அணி. இப்படிச் சொல்வது கொஞ்சம் கடுமைதான், ஆனால் வரலாறு அப்படி இருக்கிறது. பலமான தற்காப்பு, இடித்து வழி திறக்கக் குவார்ட்டர்பேக் அருகே ஒரு ஃபுல்பேக், லைன்மேன்களை ஒட்டி நிற்கும் டைட் எண்டுகள், நடுவில் புகுந்து ஓடு. 2011 நவம்பரில் அலபாமாவை அதே முறையில் 9-6 என்று கூடுதல் நேரத்தில் வென்றார்கள், இரண்டு பக்கமும் ஒரு டச்டவுன்கூட இல்லை. இரண்டு மாதம் கழித்து தேசிய இறுதியில் அதே அலபாமா 21-0 என்று வீழ்த்தியது. அந்த ஆட்டம் முழுக்க லூசியானா 92 யார்டு மட்டுமே எடுத்தது, நடுக்கோட்டை ஒரே ஒருமுறைதான் தாண்டியது. அதற்குப் பிறகு அலபாமாவிடம் வரிசையாகத் தோல்வி. 2018 நவம்பரில் சொந்த மைதானத்திலேயே 29-0. பேட்டன் ரூஜில் லட்சம் பேர் உட்காரும் டைகர் ஸ்டேடியம் அது. அங்கே ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை.

அப்போதைய தலைமைக் கோச் எட் ஓர்ஜெரான் லூசியானா மண்ணின் மனிதர், தற்காப்பு லைன் பயிற்சியில் வளர்ந்தவர். தனக்குத் தெரியாத துறையில் தனக்குத் தெரிந்ததையே திணிக்காமல் வெளியே ஆள் தேடினாரே, அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். 2019 தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் தொழில்முறை அணியில் உதவியாளராக இருந்த ஜோ பிரேடியை எடுத்தார். அப்போது பிரேடிக்கு வயது 29. அதற்கு முன் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கீழ்நிலை உதவியாளர். ஆக இரண்டு பாடம் அவர் கையில் இருந்தது. செயின்ட்ஸிடம் கற்றது, ஐந்து பேரையும் ஓடவிட்டு யாரைக் குறிவைப்பது என்று எதிரியின் நிற்பைப் பார்த்து முடிவெடுக்கும் முறை. பென் ஸ்டேட்டில் பார்த்தது, ஓட்டமா எறிதலா என்பதைப் பந்து கைக்கு வந்த பிறகு முடிவெடுக்கும் முறை.

ஒவ்வொரு டவுனுக்கும் என்ன ஆடுவது என்று களத்துக்குச் சொல்லி அனுப்பியவர் மூத்தவர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர், தாக்குதல் ஒருங்கிணைப்பாளர். அவரே ஒரு காலத்தில் இதே கல்லூரியின் குவார்ட்டர்பேக். பாதி வயதுள்ள ஒருவர் புதுத் திட்டத்தோடு வந்து நிற்கும்போது பெரியவர் முகம் சுளிக்காமல் இடம் விட்டது சின்ன விஷயமில்லை. பல அணிகள் இந்த இடத்தில்தான் உடையும்.

கணக்குக்கு வருவோம். ஐந்து பேரையும் ஓடவிட்டால் குவார்ட்டர்பேக் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இந்த நிற்புக்கே ‘எம்ப்டி’ என்று பெயர். காவலுக்கு ஐந்து லைன்மேன்கள் மட்டும்.

எதிரி நான்கு பேரைப் பாயவிட்டால் ஐந்து பேர் நான்கு பேரைத் தடுக்கலாம், சிக்கலில்லை. ஆனால் பின்னால் ஏழு பேர் ஐந்து பேரைக் காவல் காப்பார்கள், எறிய இடம் குறுகும். எதிரி ஆறு பேரைப் பாயவிட்டால் ஒருவரைத் தடுக்க ஆளே கிடையாது. அந்த ஆறாவது ஆள் இரண்டு, இரண்டரை நொடியில் குவார்ட்டர்பேக் மேல் வந்து விழுவார். ஆனால் அப்போது பின்னால் மிச்சம் இருப்பவர்களும் ஐந்தே பேர். ஒருவருக்கு ஒருவர், நடுவில் உதவிக்கு ஆளில்லை. ஆறாவது ஆளைத் தடுக்க வேண்டியது லைன்மேன் அல்ல, குவார்ட்டர்பேக்கின் கண்ணும் கையும்தான். அவன் வந்து சேர்வதற்குள் பந்து போய்விட வேண்டும். ஆஸ்டினில் அந்த 17 யார்டு டவுனில் நடந்தது இதேதான். எதிரி பாய்ந்தான், பின்னால் காவல் மெலிந்தது, பந்து அந்த மெலிந்த இடத்துக்குப் போனது.

இதைச் செய்ய என்ன வேண்டும் என்று யோசித்தால், மற்ற அணிகள் ஏன் செய்வதில்லை என்பது புரியும். குவார்ட்டர்பேக் பந்து எடுக்கும் முன்பே எதிரியைப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அடி வாங்கப் பயப்படக் கூடாது. ஐந்து லைன்மேன்களும் பக்கத்துத் துணையில்லாமல் தனித்தனியாகத் தாக்குப்பிடிக்க வேண்டும். ஒருவர் சறுக்கினாலும் சமாளிக்க ஆறாவது கை இல்லை. பந்து பிடிக்க ஓடும் ரிசீவர்கள் எழுதிக் கொடுத்த பாதையில் கண்ணை மூடிக்கொண்டு ஓடினால் போதாது. காவலாள் உள்பக்கம் நின்றால் வெளியே வெட்டுவது, வெளியே நின்றால் உள்ளே வெட்டுவது, யாருமே கிட்டே இல்லை என்றால் நின்று திரும்புவது என்று ஓடும்போதே முடிவெடுக்க வேண்டும். அதே முடிவைக் குவார்ட்டர்பேக்கும் அதே நொடியில் எடுத்திருக்க வேண்டும். இருவரில் ஒருவர் தப்பாகப் படித்தால் பந்து நேராக எதிரி கையில் போய் உட்காரும். கோடைக்காலம் முழுக்க ரிசீவர்களும் குவார்ட்டர்பேக்கும் மணிக்கணக்கில் எறிந்து பழகுவது இதற்குத்தான்.

பரோ ஒஹையோ மாநிலத்து ஏதென்ஸ் பக்கம் வளர்ந்தவர். ஒஹையோ ஸ்டேட்டில் ஆட இடம் கிடைக்காமல் 2018-இல் லூசியானா வந்தார். அந்த முதல் ஆண்டு 2,894 யார்டு, 16 டச்டவுன் எறிதல், எறிந்ததில் 57.8 விழுக்காடு சேர்ந்தது. மோசமில்லை, அவ்வளவுதான். மறு ஆண்டு 527 எறிந்து 402 சேர்ந்தது. 76.3 விழுக்காடு. 5,671 யார்டு, 60 டச்டவுன், எதிரி கைக்குப் போனது 6 மட்டும். உயர் பிரிவுக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு சீசனுக்கு 60 என்பது அப்போது சாதனை. அதே கை, அதே ஆள். கேள்வி மாறியதால் பதில் மாறியது.

எம்ப்டி நிற்பில் எங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் குட்டையான ஆள், ஐந்தடி எட்டு அங்குலம். முதலில் குவார்ட்டர்பேக் பக்கத்தில் நிற்பார். பந்து எடுக்கும் முன் நடந்துபோய் மைதானத்தின் ஓரத்தில் ரிசீவர் மாதிரி நிற்பார். அப்போது எதிரியின் நடுவில் நிற்கும் லைன்பேக்கர் அவரோடு ஓரம் வரை போனால், இன்று ஆளுக்கு ஆள் காவல் என்று பொருள். லைன்பேக்கர் நகராமல் ஓரத்திலிருந்த கார்னர்பேக்கே அவர் எதிரே நின்றால், இடத்துக்கு இடம் காவல். ஒரு ஆள் பதினைந்து யார்டு நடந்ததில் எதிரியின் ரகசியம் வெளியே வந்துவிடும். அதன் பிறகு பரோ கையால் ஒன்றிரண்டு சைகை, ஒரு கூவல். பந்து அதற்கேற்ற இடத்துக்குப் போகும். லைன்பேக்கர் ஓரத்துக்குப் போனாரென்றால் நடுவில் பெரிய பள்ளம் விழுந்திருக்கும், அங்கே ஜெஃபர்சன் இருப்பார். ஓரத்தில் கனமான லைன்பேக்கர் ஒருவர் அந்தக் குட்டை ரன்னிங் பேக்கைத் தனியாகத் துரத்திக்கொண்டிருப்பார். இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு எட்வர்ட்ஸ்-ஹெலேர் ஓடியது 1,414 யார்டு, அதோடு 55 பந்தும் பிடித்தார்.

ஆள் மாற்றாமலே இதையெல்லாம் செய்ததுதான் இன்னொரு பலம். ஒரு ரன்னிங் பேக், ஒரு டைட் எண்ட், மூன்று ரிசீவர். பெரும்பாலான நேரம் இதே ஐவர். தாக்கும் அணி ஆள் மாற்றினால், தற்காப்பும் மாற்றிக்கொள்ள நடுவர் நேரம் கொடுக்க வேண்டும் என்பது விதி. மாற்றாவிட்டால் தற்காப்பும் பெரும்பாலும் அப்படியே நிற்க வேண்டியதுதான். ஒரு டவுனில் டைட் எண்ட் தாடியஸ் மாஸ் லைனோடு ஒட்டி நின்று இடித்துத் தள்ளுவார், அடுத்த டவுனில் அதே மாஸ் ஓரத்தில் ரிசீவராக நிற்பார். ஓட்டத்துக்கான ஆட்களைப் போடுவதா, எறிதலுக்கான ஆட்களைப் போடுவதா என்று எதிரிக் கோச் கையைப் பிசைவதைத் தவிர வேறு வழியில்லை.

ஓட்டமா எறிதலா என்பதைக் கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆட்டத்துக்கு ஆர்.பி.ஓ. என்று பெயர். லைன்மேன்கள் ஓட்டத்துக்கான மாதிரியே முன்னே இடிப்பார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்தபடி ஒரே ஒரு எதிரியை மட்டும் பார்ப்பார், வழக்கமாக ஒரு லைன்பேக்கரை. அவன் ஓட்டத்தை நோக்கி முன்னே வந்தால் பந்தைப் பிடுங்கி அவன் விட்டுவந்த இடத்தில் எறிந்துவிடுவார். அவன் பின்வாங்கினால் பந்தை விட்டுவிடுவார், ஓட்டம். அந்த ஒரு ஆள் எதைச் செய்தாலும் தப்பு. கல்லூரி விதிப்படி, எறிதல் ஆட்டத்தில் லைன்மேன்கள் மூன்று யார்டு வரை முன்னே போகலாம். தொழில்முறையில் ஒரு யார்டுதான். அந்த இரண்டு யார்டு சலுகை இல்லாவிட்டால் இந்த ஏமாற்று இவ்வளவு சுத்தமாக நடக்காது. இதிலும் கோளாறு வரும். குவார்ட்டர்பேக் அரை நொடி தயங்கினால் லைன்மேன் நான்காவது யார்டுக்குப் போய்விடுவார், நடுவர் கொடி விழும், ஐந்து யார்டு பின்னே.

அக்டோபர் 12 ஃபுளோரிடா ஆட்டம் இந்த இயந்திரம் எவ்வளவு சிக்கனமாக ஓடும் என்பதற்குச் சாட்சி. லூசியானா மொத்தம் 48 முறைதான் பந்தை எடுத்து ஆடியது, 511 யார்டு. ஒரு முறைக்குப் பத்து யார்டுக்கு மேல். அதாவது சராசரியாக ஒரே டவுனில் மறுபடி நான்கு வாய்ப்பு. பரோ எறிந்த 24-இல் 21 சேர்ந்தது. முடிவு 42-28.

இந்த சீசனை உண்மையாகச் சோதித்த ஆட்டம் என்றால் நாங்கள் அலபாமாவைச் சொல்ல மாட்டோம். அக்டோபர் 26, ஆபர்ன் பல்கலைக்கழகத்துடன். மற்ற 14 ஆட்டத்திலும் 36-க்குக் குறையாமல் எடுத்த அணி அன்று 23-தான் எடுத்தது.

ஆபர்ன் செய்தது துணிச்சலான காரியம். தற்காப்பில் மூன்று லைன்மேன், ஒரே ஒரு லைன்பேக்கர், ஏழு பின்காவலர்கள். 3-1-7. மூன்று பேரை மட்டும் பாயவிட்டு எட்டுப் பேரைப் பின்னே நிறுத்துவது. ஐந்து ரிசீவருக்கு எட்டுக் காவல். மூன்று பேர் பாய்ந்தால் நெருக்கடி இருக்காதே என்று கேட்கலாம். ஆபர்னின் தற்காப்பு லைனில் டெரிக் பிரவுன் இருந்தார். இரண்டு லைன்மேன்களை ஒருவரே கட்டிப்போடும் பலம். அப்படி ஒருவர் முன்னால் இருந்தால்தான் இந்தச் சூதாட்டத்தை ஆடவே முடியும். அதனால்தான் பின்னால் வந்த அணிகளால் இதை அப்படியே காப்பியடிக்க முடியவில்லை.

லூசியானா கணக்கைத் திருப்பிப் போட்டது. நடுவில் ஆள் குறைந்தால் நடுவில் ஓடு. எட்வர்ட்ஸ்-ஹெலேர் 26 முறை பந்தைச் சுமந்து 136 யார்டு எடுத்தார். மொத்தம் 508 யார்டும் வந்தது. ஆனால் புள்ளி வரவில்லை. காரணம் எளிமையானது, இந்த முறையின் நிஜமான பலவீனமும் அதுவே. எதிரிக் கோட்டை நெருங்க நெருங்கப் பின்னால் இடம் சுருங்கும். 60 யார்டு பரப்பை எட்டுப் பேர் காப்பதும் 20 யார்டு பரப்பை எட்டுப் பேர் காப்பதும் ஒன்றா? ஆழமாக ஓட இடமில்லை, ஓடவிட்டு விரிக்க முடியாது. அங்கே ஐந்து பேரை ஓடவிடும் கணக்கு செல்லாது, இடித்துத்தான் போக வேண்டும். பாதி ஆட்டத்தில் 10-10. பிற்பாதியில் ஓட்டத்தையும் குறுகிய எறிதலையும் பொறுமையாகக் கட்டி 23-13 ஆக்கினார்கள். கடைசி நிமிடங்களில் ஆபர்ன் ஒரு டச்டவுன் போட்டு 23-20. அன்று காப்பாற்றியது அணியின் தற்காப்பு. அந்த ஆண்டு முழுக்க வசவு வாங்கிய தற்காப்புக்கு இந்தப் பெருமையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

வசவுக்கும் காரணம் இல்லாமல் இல்லை. தாக்குதல் இரண்டு நிமிடத்தில் புள்ளி எடுத்துவிட்டு வந்தால், தற்காப்பு தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மறுபடி களத்துக்குப் போக வேண்டும். எதிரியும் பின்தங்கியிருப்பதால் ஒவ்வொரு முறையும் துணிந்து ஆடுவான். வேண்டர்பில்ட் 38, டெக்சஸ் 38, அலபாமா 41. நவம்பர் 16-இல் ஓல் மிஸ் என்ற மிசிசிப்பி பல்கலைக்கழகம் 402 யார்டு ஓட்டத்திலேயே எடுத்தது. அந்த அணியின் இளம் குவார்ட்டர்பேக் மட்டும் 212 யார்டு ஓடி நான்கு டச்டவுன் போட்டார். ஓடும் குவார்ட்டர்பேக்குக்கு எதிராக விளிம்பில் நிற்பவர் உள்ளே எட்டிப் பார்த்தால் முடிந்தது, வெளியே திறந்த வெளி. அதே தப்பை அன்று திரும்பத் திரும்பச் செய்தார்கள். லூசியானா 58 எடுத்ததால் 58-37 என்று தப்பித்தது.

ஓர்ஜெரான் அணியில் வாரத்தின் முதல் பயிற்சி நாளுக்கு ‘உண்மை பேசும் திங்கள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆட்டத்தின் வீடியோவை ஓடவிட்டு, தப்பு செய்தவர் பெயரைச் சொல்லித் தப்பு என்பார்கள், ஜெயித்திருந்தாலும். ஓல் மிஸ்ஸுக்குப் பிறகான திங்கள் எப்படி இருந்திருக்கும் என்று அடுத்த ஆட்டங்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் டேவ் அராண்டாவின் ஆட்கள் ஆர்கன்சாவுக்கு 20, டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு 7, ஜார்ஜியாவுக்கு 10 மட்டும் விட்டார்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம் முந்தைய ஆண்டு ஏழு கூடுதல் ஆட்ட நேரம் இழுத்து 74-72 என்று லூசியானாவைத் தோற்கடித்த அணி. இந்த முறை 50-7.

அலபாமா ஆட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. நவம்பர் 9, டஸ்கலூசா. எட்டு ஆட்டமாக ஜெயிக்காத எதிரி, அவன் ஊரில். முற்பாதியின் கடைசி அரை நிமிடத்துக்குள் இரண்டு டச்டவுன்: எட்வர்ட்ஸ்-ஹெலேர் ஓடி ஒன்று, உடனே லைன்பேக்கர் பேட்ரிக் குவீன் அலபாமாவின் எறிதலைப் பிடித்துவிட, மறுபடி எட்வர்ட்ஸ்-ஹெலேருக்கே எறிந்து இன்னொன்று. 33-13. பிற்பாதியில் அலபாமா விடாமல் துரத்தி 39-34 வரை வந்துவிட்டது. இங்கேதான் இந்த அணி எவ்வளவு முழுமையானது என்று தெரிந்தது. எறிந்தே வளர்ந்த அணி, கடிகாரம் கரைய வேண்டிய நேரத்தில் அந்தக் குட்டை மனிதனிடம் பந்தைக் கொடுத்தது. முதல் ஆள் பிடித்தால் விழ மாட்டார், இரண்டாவது ஆள் பிடித்தாலும் சுழன்று முன்னே சாய்வார். 46-34. அலபாமா உடனே 85 யார்டு எறிந்து 46-41 ஆக்கியது, பந்தைத் தானே மீட்க வேண்டுமென்றே உதைத்த அடுத்த குட்டை உதையை ஜெஃபர்சன் பிடித்து அணைத்துக்கொண்டார். முடிந்தது. பரோ எறிந்த 39-இல் 31 சேர்ந்தது.

அதன் பிறகு தங்கள் லீக்கின் இறுதியில் ஜார்ஜியாவை 37-10. டிசம்பர் 28 அட்லாண்டாவில் ஓக்லஹோமா 63-28. தேசிய அரையிறுதி ஆட்டம், பரோ முற்பாதியிலேயே ஏழு டச்டவுன் எறிந்தார், அதில் நான்கு ஜெஃபர்சனுக்கு. ஆனால் அந்த நாளை நினைத்தால் புள்ளிக் கணக்கு மனதில் நிற்காது. ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன் என்ஸ்மிங்கரின் மருமகள் விமான விபத்தில் இறந்துபோனார். செய்தி தெரிந்தும் அவர் மேலே கோச்சுகள் அறையில் உட்கார்ந்து ஆட்டம் முழுக்கத் தன் வேலையைச் செய்து முடித்தார்.

2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம், தேசிய இறுதி. 2012-இல் அலபாமாவிடம் நடுக்கோட்டைத் தாண்ட முடியாமல் தவித்த அதே கூரைக்குக் கீழே. எதிரே 29 ஆட்டமாகத் தோற்காத கிளெம்சன். அவர்களின் அப்போதைய தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் பிரென்ட் வெனபிள்ஸ் பாய்ச்சலை ஒளித்துவைப்பதில் கைதேர்ந்தவர். ஆறு பேர் பாய்வதுபோல் நிற்பார்கள், பந்து எடுத்ததும் மூன்று பேர் பின்னே போய்விடுவார்கள், எதிர்பாராத மூலையிலிருந்து வேறொருவர் வருவார். பந்து எடுக்கும் முன் படித்ததெல்லாம் எடுத்த பிறகு பொய்யாகும். தொடக்கத்தில் லூசியானா திணறியது. முதல் சில முறை உதைத்துவிட வேண்டியதாயிற்று. இரண்டாவது கால் ஆட்டத்தில் 17-7 என்று கிளெம்சன் முன்னே.

பதில் ஓரத்தில் இருந்தது. பாய்ச்சலுக்கும் ஏமாற்றுக்கும் ஆள் செலவழித்ததால் ஓரத்தில் ரிசீவர் ஜமார் சேஸ் எதிரே ஒரு கார்னர்பேக் மட்டும் தனியாக நின்றார். கிளெம்சனின் வேடிக்கையெல்லாம் நடுவில். ஓரத்தில் என்ன நடக்கும் என்பதை ஒளிக்க முடியாது. பரோ நடுவைப் படிப்பதைக் குறைத்துக்கொண்டு ஓரத்துக்கு எறிந்தார். முதல் டச்டவுனே சேஸுக்கு 52 யார்டு. அன்று 9 பிடித்து 221 யார்டு. முற்பாதி முடியப் போகும் நேரம், எதிரிக் கோட்டிலிருந்து 95 யார்டு தள்ளி, சொந்தக் கோட்டருகே பந்து. சும்மா நேரம் கடத்தியிருக்கலாம். பரோ தானே 29 யார்டு ஓடினார், பத்து நொடி மிச்சமிருக்கும்போது மாஸுக்கு எறிந்து டச்டவுன். 28-17. கடைசியில் 42-25.

அடுத்த ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் தேர்வில் 14 பேர் போனார்கள், முதல் சுற்றிலேயே ஐந்து பேர், பரோ முதல் ஆள். பிரேடி கரோலினா பேந்தர்ஸ் தொழில்முறை அணிக்குப் போனார், அராண்டா பேய்லர் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைக் கோச்சாகப் போனார். சேஸ் தொற்றுக்கால ஆண்டில் ஆடவில்லை. 2020-இல் லூசியானா 5 வெற்றி, 5 தோல்வி. கல்லூரி அணி என்பது அப்படித்தான். பள்ளி முடித்து மூன்று வருடம் ஆனால் பையன் தொழில்முறைக்குப் போகலாம், நன்றாக ஆடிய ஆண்டே அணியைக் காலி செய்துவிடும்.

அந்த ஆட்டங்களின் வீடியோ கிடைத்தால் ஆபர்ன் ஆட்டத்தை முதலில் பாருங்கள், பிறகு கிளெம்சன். பந்தைப் பார்க்காதீர்கள். பந்து எடுக்கும் முன்னுள்ள ஐந்தாறு நொடியில் எட்வர்ட்ஸ்-ஹெலேர் எங்கே நடக்கிறார், அவரோடு யார் போகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பிறகு நடுவில் இருக்கும் லைன்மேன், சென்டர், குனிந்தபடியே ஒரு எதிரியைக் கையால் காட்டுவார். நம் ஐவர் கணக்கு இவனிலிருந்து தொடங்குகிறது என்று மற்ற நால்வருக்கும் சொல்வது அது. பரோ அந்தக் கையைப் பார்த்துவிட்டு சில நேரம் தலையசைத்து மறுப்பார், வேறொருவனைக் காட்டுவார். சென்டரின் கை நகரும். அதன் பிறகுதான் பந்து மேலே வரும்.